நான்கு ஊர்க் கையிருப்பு

சுடர்விழி விராலிமலைக்குத் திரும்பி வந்தது ஓய்வெடுக்கத்தான் என்று உறவினர்கள் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பெங்களூரில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தாள். இணையத்தில் பொருள் விற்கும் ஒரு பெரிய கம்பெனியில் வேலை. கம்பெனியின் கணினிகள் பல ஊர்களில் இருந்தன. ஒன்று படுத்துவிட்டால் மற்றவை அதன் வேலையை எடுத்துச் செய்ய வேண்டும், வாங்குகிறவருக்கு எதுவும் தெரியக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் இலை போட்ட பிறகு எழுந்து போயிருக்கிறாள். கடைசி இரண்டு வருடம் தலைவலி மாத்திரை இல்லாமல் அவள் வேலைக்கு உட்கார்ந்ததே இல்லை. கணவன் ராமுவுக்கு விராலிமலையில் ஒரு தனியார் பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்ததும், யோசிக்காமல் ராஜினாமா கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

வந்து மூன்று மாதம் நன்றாகத் தூங்கினாள். அதற்குப் பிறகுதான் டாக்டர் ரெங்கராஜ் ஆளனுப்பினார்.

ரெங்கராஜ் ஓர் அறக்கட்டளையின் தலைமை மருத்துவர். விராலிமலை, இலுப்பூர், பொன்னமராவதி, அறந்தாங்கி என்று நான்கு ஊர்களில் அதற்குச் சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகள். அவருக்கு ஒரு தலைவலி இருந்தது. கடலை பிடுங்கும் காலத்திலும் நடவுக் காலத்திலும் பாம்புக்கடி அதிகம் வரும். விஷமுறிவு மருந்து எப்போதும் தட்டுப்பாடு. ஓர் ஊரில் குப்பி குப்பியாகக் காலாவதியாகிக் கிடக்கும். இன்னோர் ஊரில் கடிபட்டு வந்தவருக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

"நாலு ஊர்லயும் இருக்குறது ஒரே பீரோல இருக்குற மாதிரி தெரியணும்மா. எந்த ஊரு நர்ஸ் பாத்தாலும் எங்க எத்தன குப்பி இருக்குன்னு ஒடனே தெரியணும். அம்புட்டுதான்" என்றார்.

அம்புட்டுதான் என்று அவர் சொன்னபோதே சுடர்விழிக்குக் களைப்பாக இருந்தது. இந்த வேலையில் அம்புட்டுதான் என்பதே கிடையாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒத்துக்கொண்டாள். அவளுடைய சித்தப்பா ஒருவர் பாம்பு கடித்துத்தான் செத்துப்போனார். அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

உதவிக்கு ஜஸ்டின் வந்தான். இலுப்பூர்ப் பக்கத்துப் பையன், நான்கு ஊர்களுக்கும் நெட் லைன் இழுத்து, கணினி வைத்து, பழுது பார்ப்பவன். இருவருமாக ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் ஒரு கணினி வைத்தார்கள். நான்கிலும் ஒரே கணக்கின் நான்கு பிரதிகள். ஓர் ஊரில் ஒரு குப்பி குறைந்தால் நொடியில் மற்ற மூன்று ஊர்களிலும் குறையும். ஒரே இடத்தில் வைத்தால் அந்த ஒன்று கெட்டால் எல்லாம் போச்சு. நான்காக வைத்தால் எது கெட்டாலும் மற்றவை நிற்கும்.

அந்த ஏற்பாட்டில் உள்ள சிக்கலை அவள் முதல் கூட்டத்திலேயே ரெங்கராஜிடம் சொன்னாள்.

"லைன் இருக்குற வரைக்கும் ஒண்ணும் பிரச்சன இல்ல சார். லைன் அறுந்துச்சுன்னா, அந்த ஊரு ஒரு பக்கம், மத்த மூணும் ஒரு பக்கம். அங்க என்ன நடக்குதுன்னு இங்க தெரியாது. அப்ப ஸ்கிரீன்ல என்ன காட்டட்டும்? கடைசியா தெரிஞ்ச நம்பரக் காட்டவா, தெரியலன்னு சொல்லவா?"

"தெரியலன்னு சொல்றதுக்கு எதுக்கும்மா மெஷினு? ஏதாவது நம்பரக் காட்டு."

"அது பழைய நம்பரா இருக்கலாம் சார்."

"லைன் என்ன, தெனமுமா அறுந்துபோகுது?"

அவர் சொன்னபடியே செய்தாள்.

ஓர் ஐப்பசி மாதக் காலையில் இலுப்பூர் ஆஸ்பத்திரிக்கு பிச்சை என்ற விவசாயியைத் தூக்கி வந்தார்கள். கட்டுவிரியன் கடித்திருந்தது. இலுப்பூரில் மருந்து தீர்ந்திருந்தது. விராலிமலையில் இருந்தது போதாது. திரையில் பொன்னமராவதிக்கு நேரே நிறையக் குப்பி காட்டியது. திரையை நம்பி, அவரை ஆம்புலன்ஸில் ஏற்றி அங்கே அனுப்பினார்கள்.

பொன்னமராவதியில் ஒரு குப்பிகூட இல்லை. முந்தின நாள் சாயந்திரம் வந்த இரண்டு பேருக்கு எல்லாமே தீர்ந்துபோயிருந்தது. அதே சாயந்திரம் குடிநீர்க் குழாய்க்காக ரோட்டைத் தோண்டியவர்கள் லைனை அறுத்திருந்தார்கள். மற்ற மூன்று ஊர்களுக்கும் அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை. பிச்சையைத் திரும்பவும் வண்டியில் ஏற்றிப் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேரும்போது அவர் கண்ணைத் திறக்க முடியாமல், மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அங்கே செயற்கைச் சுவாச மிஷினில் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள்.

ரெங்கராஜ் மற்ற மருத்துவர்களையும் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டுக் கத்தினார். "பொய் சொல்ற மெஷினு எனக்கு வேணாம்மா!"

அது பொய் சொல்லவில்லை, தனக்குக் கடைசியாகத் தெரிந்ததைச் சொன்னது என்று அவள் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. அவர் அடங்கியதும் கேட்டாள்.

"மாத்திரலாம் சார். உறுதியா தெரிஞ்சா மட்டும் காட்டும், உறுதியா தெரிஞ்சா மட்டும் குடுக்கச் சொல்லும். ஒரு ஊருக்குன்னு ஒதுக்குன குப்பிய இன்னொருத்தர் எடுக்க முடியாது. ஆனா லைன் அறுந்தா நின்னு போயிரும். சம்மதமா?"

"தப்பா சொல்றதுக்கு நிக்கிறது மேலு" என்றார் அவர். மற்ற மருத்துவர்களும் தலையாட்டினார்கள்.

வெளியே வரும்போது ஜஸ்டின் கேட்டான். "அக்கா, நெசமாவே நின்னு போனா என்ன பண்றது?"

"நிக்கும்னு தெரிஞ்சுதான தலையாட்டுறாங்க."

"தெரிஞ்சுதான் ஆட்டுறாங்களா?"

அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

புதிய ஏற்பாட்டின்படி, ஓர் ஊரில் ஒரு குப்பியை எடுக்க வேண்டுமானால் அந்த ஊர்க் கணினி மற்ற ஊர்களைக் கேட்கும். அந்தக் குப்பியை நம்பி யாரும் வேறோர் ஊரிலிருந்து நோயாளியை ஏற்றி அனுப்பியிருக்கவில்லை என்று இரண்டு ஊர்களாவது சொன்னால்தான் பச்சை விளக்கு. இல்லையென்றால் திரையில் சிவப்பில் ஒரு வாக்கியம் வரும்: "வேறு நோயாளிக்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம். உறுதியாகும்வரை வழங்க வேண்டாம்." அந்த வாக்கியத்தை எழுதியது சுடர்விழிதான். நர்சுகளுக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்று நாலைந்து முறை மாற்றி எழுதினாள்.

சில மாதங்கள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. தப்பான நம்பர் வரவில்லை. குப்பிகள் வீணாவதும் குறைந்தது. ரெங்கராஜ் ஒரு மருத்துவர் கூட்டத்தில் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். ஆனால் சுடர்விழிக்கு பெங்களூர்த் தலைவலி திரும்பியிருந்தது. மேகம் கூடினாலே நான்கு ஊர்களின் லைனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"சாப்புட்டுட்டுப் பாரேன் சுடரு" என்பான் ராமு.

"சாப்புட்டுக்கிட்டேதாங்க பாக்குறேன்."

"தட்டுல என்ன இருக்குன்னு சொல்லு பாப்பம்."

அவளால் சொல்ல முடியவில்லை. இருவரும் சிரித்தார்கள். பிறகு ராமு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

அடுத்த கடலைப் பறிப்பின்போது, ஒரு மத்தியானம், பொன்னமராவதிப் பக்கம் இடியும் காற்றுமாக மழை பிடித்துக்கொண்டது. கரண்டு போனது, லைன் போனது, சிறிது நேரத்தில் செல்போன் டவரும் போனது. அந்த நேரத்தில்தான் மூக்காயியைக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். கடலைச் செடி பிடுங்கும்போது கண்ணாடிவிரியன் புறங்காலில் போட்டிருந்தது. கால் கணுவுக்கு மேல் வீங்கி, ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

பணியில் இருந்த டாக்டர் அறுவைக் கூடத்தில் ஒரு பிரசவத்தில் இருந்தார். அந்தத் தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. அவரால் கையை எடுக்க முடியாது. தலைமை நர்ஸ் சொர்ணவல்லி கதவருகே நின்று விஷயத்தைச் சொன்னாள். உள்ளேயிருந்தபடியே அவர், "விஷமுறிவு ஆரம்பிச்சுருங்க. சிஸ்டத்துல பாத்துட்டு எடுங்க" என்றார்.

மருந்துப் பெட்டியில் போதுமான குப்பிகள் இருந்தன. ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்த கணினித் திரையில் சிவப்பு வாக்கியம் நின்றது.

சொர்ணவல்லி ஏற்கெனவே ஒருமுறை அறந்தாங்கி நோயாளிக்கு ஒதுக்கிய குப்பிகளை எடுத்துக் கொடுத்துவிட்டு மெமோ வாங்கியவள். அறந்தாங்கியிலிருந்து ஏதாவது குழந்தையை இந்தக் குப்பிகளை நம்பி ஏற்றிவிட்டிருந்தால் என்ன செய்வது என்று யோசித்தாள். விராலிமலைக்குப் போன் அடித்தாள், போகவில்லை. இலுப்பூருக்கு அடித்தாள். பக்கத்துக் கடைக்காரரின் போனிலும் அடித்துப் பார்த்தாள். திரும்ப வந்து திரையைப் பார்த்தாள். மூக்காயியின் மகன் அவள் பின்னாலேயே அங்கிட்டும் இங்கிட்டும் ஓடி வந்துகொண்டிருந்தான். "மருந்து இருக்கா இல்லையாங்க? இருக்குன்னா போடுங்க, இல்லைன்னா சொல்லுங்க, வேற எங்கிட்டாச்சும் கொண்டுபோறேன்" என்றான். வெகுநேரம் கழித்து, கடைசியில் அவள் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்து, குப்பிகளை உடைத்தாள்.

லைன் திரும்பியதும் நடந்ததெல்லாம் சுடர்விழியின் மடிக்கணினியில் வரிசையாகத் தெரிந்தது. பொன்னமராவதி கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை. திரும்பக் கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மற்ற ஊர்களின் பதிவுகளையும் திறந்து பார்த்தாள். அன்று அந்தக் குப்பிகளை யாரும் ஒதுக்கியிருக்கவில்லை. எந்த ஊரிலிருந்தும் யாரும் வந்துகொண்டிருக்கவில்லை.

எந்தக் கோளாறும் இல்லை. அவள் எழுதியபடியே எல்லாம் நடந்திருந்தது.

மூக்காயி பிழைத்துக்கொண்டாள். ஆனால் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. வாரத்துக்கு இருமுறை புதுக்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது.

சுடர்விழி பொன்னமராவதிக்கு பஸ்ஸில் போனாள். ஸ்கூட்டர் ஓட்டும் தெம்பு இல்லை. சொர்ணவல்லி அவளைப் பார்த்ததும், தன்னை விசாரிக்க வந்திருப்பதாக நினைத்துப் படபடவென்று பேசத் தொடங்கினாள்.

"மேடம், நான் ரூல்ஸ மீறித்தான் குடுத்தேன். எழுதிக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன். முன்னாடியே குடுத்திருக்கணும். ஸ்கிரீன்ல குடுக்காதேன்னு நிக்கிது. நான் என்ன பண்ணட்டும்?"

"நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல சிஸ்டர்."

"அப்ப யாரு தப்பு?"

"அந்த வாக்கியத்த எழுதுனது நாந்தான்" என்றாள் சுடர்விழி. சொர்ணவல்லி அவளையே பார்த்தாள். பிறகு, "டீ சாப்புடுறீங்களா?" என்று கேட்டாள். இருவரும் டீ குடித்தார்கள்.

பணியில் இருந்த டாக்டரிடம், சீக்கிரம் கொடுத்திருந்தால் சிறுநீரகம் தப்பியிருக்குமா என்று கேட்டாள். "தப்பியிருக்கலாம். கண்ணாடிவிரியன் கடிச்சா சீக்கிரம் குடுத்தும் போறது உண்டு. உறுதியா சொல்ல முடியாதுங்க" என்றார். உறுதியா என்ற சொல் அவள் காதில் அன்று முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது.

மூக்காயி தன் வீட்டில் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சுடர்விழியை அரசாங்கத்து ஆள் என்று நினைத்துக்கொண்டாள்.

"மனு எழுத வந்தியா ஆத்தா?"

"இல்லம்மா. சும்மா பாக்க வந்தேன். எப்புடி இருக்கீங்க?"

"கெடக்குறேன். தண்ணி குடிக்கக் கூடாதுங்கிறாக. இந்த வெயில்ல தண்ணி குடிக்காம எப்புடி இருக்குறது? நாலு மடக்கு குடிச்சா மூச்சு முட்டுது." சற்று நிறுத்திவிட்டு, "புதுக்கோட்டைக்குக் காலைல போற பஸ்சு எங்க ஊருப் பக்கம் வர்றதில்ல. அத மட்டும் விடச் சொல்லேன். எம்மவன் வேல கெட்டுக் கெட்டு என்னயத் தூக்கிக்கிட்டு அலையிறான்."

நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சுடர்விழி வந்திருந்தாள். கணினி, லைன், ஒதுக்கீடு என்று எங்கே தொடங்கினாலும் அது தன்னை லேசாக்கிக்கொள்வதற்கான பேச்சாகவே இருக்கும் என்று தோன்றியது. ஆனாலும் மகனை வெளியே அழைத்துப் போய், நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். மெஷின் நிறுத்தி வைத்தது, அப்படி நிறுத்தும்படி எழுதியது தான், மருந்து அங்கேயே இருந்தது. அவன் கேட்டுக்கொண்டான். கோபப்படவும் அவனுக்குத் தெம்பில்லை. "இனிமே யாருக்கும் இப்புடி ஆகாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அவன் கேட்டதை அப்படியே தர முடியாது என்று அவளுக்குத் தெரியும். திரும்பி வரும் பஸ்ஸில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். நான்கு ஊர்ச் சரக்கையும் ஒன்றாகவும் பார்க்க வேண்டும், ஒருபோதும் தப்பாகவும் காட்டக்கூடாது, லைன் அறுந்தாலும் நிற்கவும் கூடாது. மூன்றும் சேர்ந்து கிடைக்காது. எதை விடுவது என்பதுதான் கேள்வி. இரண்டு முறையும் அவள் அதைக் கணினி விஷயமாகவே பார்த்திருந்தாள். எல்லாக் குப்பிகளும் எல்லோருக்கும் பொது என்பதை அவள் ஒருமுறைகூடக் கேள்வி கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் ரெங்கராஜ் எடுத்த எடுப்பிலேயே, "பழையபடி மாத்திரலாமா?" என்றார்.

"வேணாம் சார். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சொந்தப் பங்கு வச்சிரலாம். ஒரு ஆளுக்கு ஆரம்பிக்கப் போதுற குப்பி. அத எடுக்க யாரையும் கேக்க வேணாம். கரண்டு இல்லாட்டியும், மெஷினே செத்துக் கெடந்தாலும் எடுத்துக் குடுக்கலாம். அதுக்கு மேல இருக்குறது மட்டும் பொது. பொதுவுல இருக்குறத எடுக்கணும்னா மத்த ஊரக் கேக்கணும். லைன் இல்லாத ஊருக்கு நேரா எத்தன குப்பின்னு காட்டுறதோட, அது எப்பத் தெரிஞ்ச நம்பருன்னும் காட்டும். அனுப்புறதா வேணாமான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும்."

"மருந்து அதிகமா வாங்கணுமே?"

"வாங்கணும் சார். சொந்தப் பங்கு சில ஊர்ல தொடாமயே காலாவதியாகும். ஒரு ஊர்ல சொந்தப் பங்கு சும்மா கெடக்கும்போதே இன்னொரு ஊர்ல இல்லாமப் போகலாம். அதுக்காக அத எடுத்து அனுப்பக் கூடாது."

"அப்புடிப் பண்ணா தப்பே வராதா?"

"வரும் சார். வேற மாதிரி வரும்."

ரெங்கராஜ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முன்னிரண்டு முறையும் அவர் உடனே முடிவு சொன்னவர். இந்த முறை மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மருத்துவர்களைப் பார்த்தார். "எதுல வர்ற தப்பத் தாங்கிக்கலாம்னு நாமதான் சொல்லணும், இல்ல?" என்றார். பிறகு ஒவ்வொரு மருத்துவராகக் கேட்டார். தலையாட்டலை ஏற்கவில்லை, வாய்விட்டுச் சொல்ல வைத்தார்.

மாற்றிய பிறகு அவள் சொன்னபடியேதான் நடந்தது. அறந்தாங்கியில் சொந்தப் பங்கு காலாவதியாகி அப்படியே தூக்கிப்போட வேண்டியிருந்தது. அதே மாதத்தில் இலுப்பூரில் மருந்து போதாமல், ஒரு நோயாளிக்கு முதல் ஊசியைப் போட்டுவிட்டு மீதிக்குப் புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். அறந்தாங்கி நர்ஸ் அவளுக்குப் போன் செய்து, குப்பையில் போட்டதைக் காலாவதியாகும் முன்பே அங்கே அனுப்பியிருக்கலாமே என்று ஆதங்கப்பட்டாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆமாம் என்றாள் சுடர்விழி. பொன்னமராவதியில் மறுபடியும் ஒரு நாள் லைன் அறுந்தபோது, சொர்ணவல்லி சொந்தப் பங்கை எடுத்து ஒருவருக்குப் போட்டாள். அவர் நான்காம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். அதைப் பற்றி சுடர்விழிக்கு யாரும் போன் செய்யவில்லை. மாதக் கடைசியில் பதிவுகளைப் பார்த்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

மூக்காயிக்காக அவள் அறக்கட்டளை ஆம்புலன்ஸைக் கேட்டு வாங்கினாள். வாரத்தில் இரண்டு நாள் புதுக்கோட்டைக்குப் போகும் வண்டி அந்த ஊர் வழியாகச் சுற்றிப் போனது. காலாண்டுக்கு ஒருமுறை அது தொடர வேண்டுமா என்று கேள்வி வரும். சுடர்விழி கூட்டத்தில் உட்கார்ந்து, தொடர வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவாள்.

கடைசியாக மாற வேண்டியிருந்தது அவளேதான். அதை ஜஸ்டின் சொன்னான். விராலிமலைக் கணினியைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிமிராமலே சொன்னான்.

"அக்கா, நாலு ஊருக்கும் நாலு மெஷினு வச்சிருக்கோம். ஒண்ணு கெட்டா இன்னொண்ணு பாத்துக்கிரும். ஒங்களுக்குக் காய்ச்சல்னா யாரு பாக்குறது?"

"நாந்தான்."

"அதான் சொல்றேன். ஒரு வாரம் நீங்க, ஒரு வாரம் நான்."

அவனுக்கு எல்லாம் தெரியாது என்று அவள் நினைத்தாள். தனக்கு ஒரு நிமிடத்தில் புரிவது அவனுக்கு அரைமணி நேரம் ஆகலாம். அந்த அரைமணி நேரத்தில் எங்கேயாவது ஒருவர் கட்டிலில் கிடக்கலாம். இருந்தாலும், இப்படியே போனால் ஒரு நாள் தான் விழுந்துவிடுவோம், அன்றைக்கு அரைமணியில் முடியாது என்பதும் புரிந்தது. ஒரு மாதம் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிட்டு, முறை மாற்றிக்கொண்டாள்.

அவனுடைய முதல் வாரத்திலேயே அறந்தாங்கி லைன் போனது. பகல் வேளை. சுடர்விழி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் பதிவைப் பார்த்துவிட்டு அவனைப் போனில் கேட்டாள்.

"எதுக்கு அறந்தாங்கிய முழுசா வெட்டிவிட்ட? கொஞ்ச நேரம் காத்திருந்தா அதுவா சேந்திருக்கும்ல?"

"அது விட்டு விட்டு வந்துச்சுக்கா. வர்றதும் போறதுமா இருந்துச்சு. நர்சுக்கு எத நம்புறதுன்னு தெரியல. வெட்டிட்டு, சொந்தப் பங்க மட்டும் வச்சு ஓட்டுங்கன்னு சொல்லிட்டேன்."

அவளாக இருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டாள். அவன் செய்ததால் பொதுச் சரக்கு கொஞ்ச நேரம் யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் அது தேவைப்படவும் இல்லை. திருத்தச் சொல்லலாமா என்று வாயெடுத்தவள், விட்டுவிட்டாள்.

"சரி. அறந்தாங்கி லைன்காரங்கள்ட்ட சொல்லிட்டியா?"

"இன்னைக்கு மத்தியானம் நேர்ல போறேன். வாரீங்களா?"

"இல்லடா. நீ போயிட்டு வா" என்றாள். போனை வைத்துவிட்டு, ராமு அடுப்பில் வைத்துவிட்டுப் போயிருந்த சாம்பார் பொங்குகிறதா என்று பார்க்க எழுந்து போனாள்.